அரிய காரமிளகாய் ரகங்களை வளர்த்தலும் கலப்பினம் செய்தலும்

மிளகாய்ப் பூ ஒன்றின் மீது இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவுவதற்குப் பத்து நிமிடங்கூட ஆகாது. ஆனால் அந்தப் பூவில் விளைந்த விதையிலிருந்து, ஆண்டுதோறும் ஒரே நிறத்திலும் வடிவத்திலும் காரத்திலும் காய்க்கிற ஒரு புது ரகத்தைப் பெறுவதற்கு ஏழெட்டுத் தலைமுறைகள் பிடிக்கும். இந்த வேலையில் ஆர்வத்தோடு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பூவைத் தொடும் நுட்பத்தைப் பற்றியே கேட்கிறார்கள். வெற்றியும் தோல்வியும் தீர்மானமாவதோ அதற்குப் பிறகு வரும் தேர்வில்தான். ஆகவே இந்தக் கட்டுரை இரண்டையும் விளக்கினாலும், எத்தனை செடிகளை வளர்ப்பது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற கேள்விகளுக்கே கூடுதல் இடம் தருகிறது.

எது எதோடு சேரும்

மிளகாய் என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பவை உண்மையில் ஐந்து சாகுபடிச் சிற்றினங்களைச் சேர்ந்தவை. கேப்சிகம் ஆன்னுவத்தில் குடைமிளகாய், ஹாலபென்யோ, நீட்டு மிளகாய்கள் ஆகியவை அடங்கும். இவற்றின் பூ பெரும்பாலும் தூய வெள்ளையாகவும் கணுவுக்கு ஒன்றாகவும் இருக்கும். ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், கரோலினா ரீப்பர் முதலியவை கேப்சிகம் சைனென்ஸ்; இவற்றில் ஒரே கணுவில் இரண்டு மூன்று பூக்கள் தொங்கும், காம்பு காயோடு சேரும் இடத்தில் இறுக்கிக் கட்டியது போல ஒரு வளையம் தெரியும். டபாஸ்கோ கேப்சிகம் ஃப்ருட்டசென்ஸைச் சேர்ந்தது. அஹி அமரில்யோ, பிஷப்ஸ் கிரவுன் போன்றவை கேப்சிகம் பக்காட்டம். இதழின் அடியில் உள்ள மஞ்சள் பச்சைப் புள்ளிகளைக் கொண்டு இதைச் சட்டென்று அறியலாம். ஊதாப் பூவும் கறுப்பு விதையும் மென்மயிர் படர்ந்த இலையும் கொண்ட ரோகோட்டோ கேப்சிகம் பியூபசென்ஸ் ஆகும்.

ஒரே சிற்றினத்துக்குள் செய்யும் கலப்பு எளிதாகக் கைகூடும். தொடங்குகிறவர்கள் இதைத் தாண்ட வேண்டியதில்லை. ஆன்னுவம், சைனென்ஸ், ஃப்ருட்டசென்ஸ் ஆகிய மூன்றும் ஓரளவுக்கு ஒன்றோடொன்று சேரும், ஆனால் கிடைக்கும் செடிகளில் சில மலடாகவும், சில நச்சுயிரி தாக்கியது போல இலை சுருங்கிக் குட்டையாகவும் போகும். அப்படி நேர்ந்தால் தாயையும் தந்தையையும் மாற்றி வைத்து மறுபடி முயல வேண்டும், ஏனென்றால் எந்தச் செடி விதையைச் சுமக்கிறது என்பது இத்தகைய கலப்புகளில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. பக்காட்டத்தை ஆன்னுவத்தோடு நேரடியாகச் சேர்த்தால் கரு பெரும்பாலும் விதைக்குள்ளேயே அழிந்துவிடும் என்பதால், வளர்ப்பாளர்கள் முதலில் சைனென்ஸை இடைப்பாலமாகப் பயன்படுத்துவது உண்டு. பியூபசென்ஸ் மற்ற நான்கோடும் சேராது என்றே வைத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்ப்பது நல்லது.

பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல்

அதிகக் காரம் என்ற ஒரே இலக்கை நோக்கி ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2007-ல் பூத் ஜோலோக்கியா, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 10 லட்சத்தைத் தாண்டிக் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. 2013-ல் கரோலினா ரீப்பர் சராசரியாக 15,69,300 அலகுகளையும், 2023-ல் பெப்பர் எக்ஸ் சராசரியாக 26,93,000 அலகுகளையும் எட்டின. அந்த அளவில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கால் அறிய முடியாது, அளக்கக் கருவி வேண்டும். மாறாக நிறம், மணம், காயின் வடிவம், இலையின் நிறம், செடியின் உயரம் ஆகியவை கண்ணாலும் மூக்காலும் நேரே தெரிந்துகொள்ளத்தக்கவை. வீட்டுத் தோட்டத்தில் உண்மையிலேயே புதிதாக ஒன்றை உருவாக்க இடமிருப்பதும் இவற்றில்தான். பழுத்த பின்னும் ஊதா நிறத்திலேயே நிற்கும் பிரேசில் நாட்டு ரகமான பிமென்டா டா நெய்டேயைப் பூத் ஜோலோக்கியாவோடு கலந்ததிலிருந்து வந்த பிங்க் டைகர் இதற்கு நல்ல சான்று.

அரிய ரகம் என்று விற்கப்படும் விதைகளில் கணிசமான பங்கு இன்னும் நிலைபெறாதவை, அல்லது பக்கத்துச் செடியோடு தானாகக் கலந்துவிட்டவை. மிளகாய் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் செடிதான் என்றாலும், தேனீக்கள் மிகுந்த இடத்தில் அயல்மகரந்தச் சேர்க்கை மிக அதிகமாகவே நடக்கும். ஆகவே பெற்றோராக வைக்கப்போகும் ரகங்களைக் கலப்புக்கு முன் ஒரு பருவமாவது வளர்த்து, ஒவ்வொன்றிலும் நான்கைந்து செடிகள் ஒரே மாதிரி காய்க்கின்றனவா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பெற்றோரே கலவையாக இருந்தால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் பொருந்தாது.

பெற்றோரில் எதைத் தாயாக வைப்பது என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. இரண்டு பண்புகள் ஒரு செடியில் சேரும்போது வெளியே தெரிவது ஓங்கு பண்பு, மறைந்து நிற்பது ஒடுங்கு பண்பு. ஒடுங்கு பண்பு உள்ளதைத் தாயாகவும், கண்ணுக்குத் தெரியும் ஓங்கு பண்பு உள்ளதைத் தந்தையாகவும் வைக்க வேண்டும். பச்சை இலைத் தாயின் பூவில் ஊதா இலைத் தந்தையின் மகரந்தத்தைத் தடவினால், முளைத்த நாற்றுகளின் தண்டிலும் இலைக்கணுவிலும் ஊதாச் சாயல் தெரிகிறவை மட்டுமே உண்மையான கலப்பினம். முழுப் பச்சையாக வருபவை தாயின் சொந்த மகரந்தத்தால் உண்டானவை. காய்கள் மேல்நோக்கி நிற்கும் ரகத்தைத் தாயாகவும் தொங்கும் ரகத்தைத் தந்தையாகவும் வைத்தால் இதே சோதனையைக் காய்க்கும் பருவத்தில் செய்யலாம், ஏனென்றால் தொங்கும் பண்பே ஓங்கு பண்பு.

நாற்று முதல் பூ வரை

மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கையில் ஆன்னுவம் விதைகள் ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்துவிடும். சைனென்ஸ் விதைகளுக்கு மூன்று நான்கு வாரங்கள் வரை பொறுமை வேண்டும்; ஒரே பழத்தின் விதைகளே முன்னும் பின்னுமாக முளைக்கும் என்பதால் குழித்தட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது. அதே காரணத்தால் காலம் தாழ்ந்து பூக்கும் சைனென்ஸை மற்ற பெற்றோருக்கு ஒரு மாதம் முன்பே விதைத்துவிட்டால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும். ரோகோட்டோ குளிர்ச்சியான சூழலை விரும்பும் செடி. கடும் வெயிலில் அது பூத்தாலும் காய் பிடிக்காது.

ஈரம் தேங்காத கலவை, சற்றே அமிலத்தன்மை கொண்ட மண், நாளின் பெரும்பகுதி வெயில் ஆகியவை போதும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் செடி இலையாகவே தழைத்துப் பூவைத் தள்ளிப்போடும். அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ ஆகியவற்றை முளையிலேயே கவனிக்க வேண்டும், ஏனென்றால் சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சிகள் நச்சுயிரி நோய்களையும் சுமந்து வருகின்றன; இலை சுருண்டும் தேமல் படிந்தும் நிற்கும் செடியிலிருந்து ஒருபோதும் விதை எடுக்கக் கூடாது. புகையிலைத் தேமல் நச்சுயிரி விதை மூலமும் கை மூலமும் பரவும் தன்மையுடையது என்பதால், புகையிலையைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் செடியைத் தொடலாகாது.

பூவில் செய்யும் வேலை

கூர்முனை இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி, சாராயத்தில் நனைத்த பஞ்சு, வண்ண நூல், சிறு வலைப்பை ஆகியவையே இதற்குத் தேவையான கருவிகள். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினாலோ இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனாலோ மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். எனவே மிதமான பருவத்தைத் தேர்ந்துகொண்டு காலையில் வேலையைத் தொடங்க வேண்டும்.

தாய்ச் செடியில் மறுநாள் மலரப்போகும் மொட்டைத் தேட வேண்டும். அது புல்லிவட்டத்தை விட்டு நன்றாக வெளியே நீண்டு, வெளுத்து, தடித்து, ஆனால் இதழ்களின் நுனிகள் இன்னும் பிரியாமல் இருக்கும். மொட்டை இரு விரல்களுக்கு நடுவே மெல்லத் தாங்கிக்கொண்டு, இடுக்கியின் ஒரு முனையை இதழ்கள் சேரும் கோட்டில் நுழைத்து, இதழ்களை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி உரித்தெடுக்க வேண்டும். உள்ளே ஐந்து அல்லது ஆறு மகரந்தப்பைகள் நடுவிலுள்ள சூல்தண்டைச் சுற்றி நெருங்கி நிற்கும். ஆன்னுவத்திலும் சைனென்ஸிலும் அவை பெரும்பாலும் நீலம் கலந்த ஊதா நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். பக்காட்டத்தில் மஞ்சள் சாயல் கொண்டிருக்கும். ஒவ்வொரு மகரந்தப்பையையும் அதன் காம்பைப் பிடித்துக் கிள்ளி எடுக்க வேண்டும். பையை நசுக்கினால் தூள் சிந்திவிடும். எல்லாவற்றையும் எடுத்த பின் உருப்பெருக்கியால் பார்க்கையில், எடுத்த பைகளில் ஒன்றிலாவது பக்கவாட்டில் பிளவு விழுந்து வெண்தூள் தெரிந்தால், அந்தப் பூவைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த மொட்டுக்குப் போக வேண்டும். இதில் இரக்கம் காட்டினால், கலப்பினம் என்று நம்பித் தாயின் சொந்த விதையையே ஓர் ஆண்டு முழுவதும் வளர்க்க நேரும்.

தந்தைச் செடியில் அன்று காலை மலர்ந்த பூவைப் பறித்து, நிழலில் சற்று நேரம் வைத்தால் மகரந்தப்பைகள் வெடித்துத் தூள் வெளிவரும். அந்தப் பூவைக் கறுப்பு நிற நெகிழித்தாள் ஒன்றின் மீது தட்டிப் பார்த்தால் வெண்தூள் விழுவது தெளிவாகத் தெரியும். தூள் விழாத பூவால் பயனில்லை. வெடித்த மகரந்தப்பை ஒன்றை இடுக்கியால் பிடித்துத் தாய்ப் பூவின் சூல்தண்டு நுனியான சூல்முடியில், அது வெண்மையாகப் பூசியது போலத் தெரியும் வரை மெல்லத் தொட்டால் போதும். சூல்முடி மொட்டிலேயே மகரந்தத்தை ஏற்கத் தயாராகிவிடுவதால் உடனே இதைச் செய்துவிடலாம். மறுநாள் காலையில் இன்னொரு முறை தடவினால் வாய்ப்பு கூடும்.

காம்பில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி, வலைப்பையால் மூடி, பெற்றோர் பெயரையும் நாளையும் உடனே எழுதி வைக்க வேண்டும். தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரைப் பெருக்கல் குறிக்குப் பின்னும் எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும், ஏனென்றால் வெயிலில் மையெழுத்து வெளிறிப்போகும், பென்சில் எழுத்து நிற்கும். ஒரு வாரத்துக்குள் சூலகம் பருத்துப் பளபளத்தால் சேர்க்கை நடந்திருக்கிறது. காம்பு மஞ்சளாகிக் கழன்றுவிட்டால் நடக்கவில்லை. நன்றாகச் செய்தாலும் பல பூக்கள் உதிரும் என்பதால் ஒரே கலப்புக்குப் பத்துப் பதினைந்து மொட்டுகளையாவது பயன்படுத்த வேண்டும். அந்தக் கிளையில் முன்பே பிடித்த பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டால் செடி புதிய பிஞ்சை எளிதில் உதிர்க்காது.

இந்தப் பழம் தாயின் பழம் போலவேதான் இருக்கும். கலப்பு, பழத்தின் சதையில் அல்ல, உள்ளே உள்ள விதையில் இருக்கிறது. குடைமிளகாய்க்குப் பக்கத்தில் காரமிளகாய் நட்டால் அந்த ஆண்டே குடைமிளகாய் காரமாகிவிடும் என்று பலர் நம்புவதும் இதே காரணத்தால் பிழை. பழம் செடியிலேயே முழுமையாகப் பழுக்க வேண்டும். சைனென்ஸில் அதற்கு இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும்

கலப்பு விதையிலிருந்து வரும் செடிகள் எஃப்1 எனப்படும். பெற்றோர் இருவரும் நிலைபெற்றவையாக இருந்தால் எஃப்1 செடிகள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும், எனவே மூன்று நான்கு செடிகளுக்கு மேல் வளர்ப்பது வீண். இவற்றின் தோற்றம் பலரை ஏமாற்றமடையச் செய்கிறது, ஏனென்றால் அரிய பண்புகளில் பல ஒடுங்கு பண்புகள். அவை எஃப்1-ல் மறைந்து நிற்கும். பழுப்பு நிறத்தில் பழுக்கும் சைனென்ஸ் ஒன்றையும் மஞ்சள் நிறத்தில் பழுக்கும் சைனென்ஸ் ஒன்றையும் கலந்தால், எஃப்1 செடியில் சிவப்புப் பழங்கள் தொங்கும். பழுப்பு என்பது தனி நிறம் அன்று. பழுக்கும்போது சிதைய வேண்டிய பச்சையம் சிதையாமல் சிவப்போடு சேர்ந்து நிற்பதே பழுப்பாகத் தெரிகிறது. பச்சையத்தைத் தக்கவைக்கும் பண்பும் ஒடுங்கியது, மஞ்சளும் சிவப்புக்கு ஒடுங்கியது. ஆகவே இரு பெற்றோரின் அரிய பண்புகளும் ஒளிந்துகொண்டு, இருவரிடமும் இல்லாத சாதாரணச் சிவப்பு வெளியே வருகிறது. எஃப்1-ஐப் பார்த்ததும் கலப்பைக் கைவிடுகிறவர்கள் புதையலின் மீது நின்றுகொண்டே திரும்பிப் போகிறார்கள்.

எஃப்1 பூக்களை மொட்டிலேயே வலைப்பையால் மூடி, தன்மகரந்தச் சேர்க்கையில் விளைந்த விதைகளை எடுத்து விதைப்பதே எஃப்2. மேலே சொன்ன கலப்பில் எஃப்2 செடிகள் பதினாறுக்கு ஒன்பது சிவப்பு, மூன்று பழுப்பு, மூன்று மஞ்சள், ஒன்று மஞ்சளோடு பச்சையமும் சேர்ந்த கடுகு அல்லது ஆலிவ் நிறம் என்ற விகிதத்தை ஒட்டிப் பிரியும். அந்தப் பதினாறில் ஒன்றுதான் இதுவரை கையில் இல்லாத புதிய நிறம்.

இங்கேதான் எண்ணிக்கை முக்கியமாகிறது. பதினாறில் ஒரு பங்கு என்பதற்காகப் பதினாறு செடி வளர்த்தால் போதும் என்று எண்ணக் கூடாது. அத்தனை செடிகளில் விரும்பியது ஒன்றுகூட வராமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு ஒரு செடியையாவது பெற வேண்டுமானால், ஒரே ஒடுங்கு பண்புக்கு 11 செடிகளும், இரண்டு பண்புகள் சேர்ந்து வர 47 செடிகளும், மூன்று பண்புகள் சேர்ந்து வர 191 செடிகளும் தேவை. ஆகவே இடம் குறைந்தவர்கள் ஒரு கலப்பில் ஒன்று அல்லது இரண்டு பண்புகளை மட்டும் குறிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்து வெவ்வேறு கலப்புகளைச் செய்து ஒவ்வொன்றிலும் நான்கு எஃப்2 செடிகளை வளர்ப்பதைவிட, ஒரே கலப்பில் நாற்பது செடிகளை வளர்ப்பது பயன் தரும்.

இடத்தைச் சேமிக்க வழிகள் உண்டு. இலை நிறம், தண்டின் ஊதாச் சாயல் போன்றவை நாற்றிலேயே தெரிவதால் வேண்டாதவற்றைக் குழித்தட்டிலேயே கழிக்கலாம். பழத்தின் நிறமும் வடிவமும் மட்டும் தெரிந்தால் போதும் என்கிற கட்டத்தில், நான்கைந்து லிட்டர் தொட்டியில் இரண்டு பழம் காய்க்கும் செடியே தேவையானதைச் சொல்லிவிடும். ஆனால் விளைச்சலையோ செடியின் வலுவையோ இவ்வளவு சிறிய தொட்டியில் மதிப்பிடக் கூடாது.

காரம் இந்த எளிய விகிதங்களுக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. காரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பன்1 என்ற ஒரு மரபணு பெரிதும் தீர்மானிக்கிறது. காரமில்லாதது ஒடுங்கு பண்பு என்பதால், காரமில்லாத ரகத்தைக் காரமானதோடு கலந்தால் எஃப்1 காரமாகவும், எஃப்2-ல் நான்கில் ஒன்று காரமற்றதாகவும் இருக்கும். எவ்வளவு காரம் என்பதோ பல மரபணுக்களும் வெயிலும் நீர்ப்பற்றாக்குறையும் சேர்ந்து தீர்மானிப்பது. எனவே காரத்தை ஒப்பிடும்போது ஒரே நாளில், ஒரே முதிர்ச்சியில் உள்ள பழங்களையே ஒப்பிட வேண்டும். காரம் உண்டாவது விதையில் அன்று, விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய உட்திசுவில்; மிகுகார சைனென்ஸ் ரகங்களில் பழத்தின் உட்சுவரிலும் காரச் சுரப்பு இருக்கிறது. ஆகவே சுவைத்துப் பார்க்கப் பழத்தின் நுனியிலிருந்து கடுகளவுத் துண்டு போதும், பக்கத்தில் பாலோ தயிரோ இருக்கட்டும். தண்ணீர் காரத்தைக் கரைக்காது. பழத்தை வெட்டும்போதும் விதையெடுக்கும்போதும் நைட்ரைல் கையுறை கட்டாயம். உலர்ந்த மிகுகாரப் பழத்தை உடைக்கும்போது எழும் தூள் மூச்சுக்குழலைத் தாக்கும் என்பதால் முகக்கவசமும் திறந்தவெளியும் வேண்டும்.

நிலைபெறச் செய்தல்

எஃப்2-ல் தேர்ந்த செடியின் விதையை விதைத்தால் அது மறுபடியும் பிரியும். தன்மகரந்தச் சேர்க்கையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்புநிலை, அதாவது ஒரே மரபணுவின் இரு வேறு வடிவங்கள் ஒரு செடியில் சேர்ந்திருக்கும் நிலை, பாதியாகக் குறைகிறது: எஃப்2-ல் 50 விழுக்காடு, எஃப்3-ல் 25, எஃப்4-ல் 12.5 என்று இறங்கி எஃப்8-ல் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வருகிறது. ஒடுங்கு பண்புகள் வெளிப்பட்ட செடியில் அந்தப் பண்புகள் அப்போதே நிலைத்துவிட்டன. ஓங்கு பண்புக்காகத் தேர்ந்த செடியோ உள்ளே கலவையாக இருக்கக்கூடும். எனவே எஃப்3-ல் ஒரே தாயின் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டை அருகருகே நட்டு, அவை அனைத்தும் ஒன்று போல் உள்ள குடும்பத்தைத் தேர வேண்டும். ஒரே ஒரு அழகான செடியைவிட ஒத்த குடும்பமே மேலானது.

ஒவ்வொரு செடிக்கும் தொடர் எண் கொடுக்க வேண்டும். கலப்பின் பெயரையடுத்து 2-14-3 என்று எழுதினால், எஃப்2-ல் பதினான்காவது செடி, அதன் பிள்ளைகளில் மூன்றாவது செடி என்று பொருள். இந்தச் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும், பின்னால் தோன்றும் வியப்பான பழம் எங்கிருந்து வந்தது என்று அறிய வழியில்லை. விதைக்காக வைக்கும் பூக்களை எல்லாத் தலைமுறையிலும் மொட்டிலேயே மூட வேண்டும். பூ மலர்ந்த பின் பையை மெல்ல உலுக்கினால் காய் பிடிப்பது கூடும், காய் பிடித்ததும் பையை நீக்கிவிட்டு நூலால் அடையாளமிடலாம்.

விரும்பிப் போற்றும் பழைய ரகம் ஒன்றில் ஒரே ஒரு புதுப் பண்பை மட்டும் சேர்க்க வேண்டுமானால் பிற்கலப்பு நல்ல வழி. கலப்பினத்தை அந்தப் பழைய ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலக்கும்போது, அதன் பங்கு 75, 87.5, 93.75 விழுக்காடு என்று உயரும். சேர்க்க விரும்பும் பண்பு ஒடுங்கியதாக இருந்தால், ஒவ்வொரு பிற்கலப்புக்குப் பின்னும் ஒரு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து அது வெளிப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விதைகளை நிழலில் உலர்த்தி, வளைத்தால் வளையாமல் முறியும் அளவுக்குக் காய்ந்த பின், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத புட்டியில் இட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் பல ஆண்டுகள் முளைப்புத்திறன் நிற்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லா விதையையும் விதைத்துவிடாமல், எஃப்2 விதையில் ஒரு பகுதியையும் இரு பெற்றோரின் தூய விதையையும் தனியே காத்து வைக்க வேண்டும். எஃப்5-ஐ எட்டிய பிறகு அந்தச் செடி வரிசை நோய்க்கு எளிதில் ஆளாகிறது என்றோ மணம் குன்றிவிட்டது என்றோ தெரியவந்தால், திரும்பிப் போய் வேறொரு செடியிலிருந்து தொடங்க அந்தப் புட்டி ஒன்றே வழி. ஆறேழு தலைமுறைக்குப் பின் விதைகளை வேறு மண்ணிலும் வேறு வெயிலிலும் வளர்க்கும் இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்து, அவர்களிடமும் எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி காய்க்கின்றனவா என்று கேட்டறிந்த பின்னரே அதற்குப் பெயர் சூட்ட வேண்டும். அதுவரை எண்ணோடு மட்டும் இருக்கட்டும்.